மரைக்கு ஒரு மூடி: போர் பைப்பும் சாயப் பேரலும்

ஜிஐ பைப் வாங்கினால் ஒரு முனையில் சாக்கெட் முடுக்கியிருக்கும். மறுமுனையில் மரை வெளியே நிற்கும். அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும், அல்லது இருந்திருக்க வேண்டும். கடையிலிருந்து வீட்டு வாசலுக்கு வருவதற்குள் அந்த மூடிகளில் பாதி வழியில் உதிர்ந்துவிடுகின்றன. மீதியை வேலைக்கு வந்தவர் கழற்றி ஓரமாக வீசிவிடுகிறார். வீட்டுக்காரரும் கேட்பதில்லை. சில ரூபாய்ப் பொருள்தானே என்ற நினைப்பு. நன்றாக உழைக்க வேண்டிய பைப் சாக்கெட் அருகில் கசியத் தொடங்கி, ஒருநாள் மோட்டாரோடு போருக்குள் அறுந்து விழும்போது, அதன் மூலத்தைத் தேடிப் போனால் பல நேரம் அந்த மூடியில் போய் நிற்கும்.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். ஊருக்குக் குழாய்த் தண்ணீர் ஒரிக்கை, திருப்பாற்கடல் பக்கத்துப் பாலாற்றுப் படுகையிலிருந்து வருகிறது. பாலாறோ ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணல். 2021 நவம்பரில் பார்த்ததுபோன்ற வெள்ளம் எப்போதாவது வருவது. அதனால் தறி வீடு, சாயப்பட்டறை, கல்யாண மண்டபம், கோயிலுக்கு வருகிறவர்கள் தங்கும் விடுதி என்று எல்லாரும் போர் போட்டிருக்கிறார்கள். பாலாற்றுத் தண்ணீரில் நனைந்த பட்டுக்குத்தான் மெருகு என்பது ஊர்ப் பேச்சு. மெருகைப் பற்றிய அந்தப் பேச்சு எப்படியிருந்தாலும், தண்ணீரில் இரும்பு ஏறினால் பட்டில் சாயம் மங்கும் என்பதைச் சாயம் போடுகிற எவரும் அறிவார். போர்த் தண்ணீரில் இரும்பு இயற்கையாகவே இருக்கலாம். அது நம் கையில் இல்லை. பைப் துருவிலிருந்து வரும் இரும்பு நம் கையில் இருக்கிறது. அந்தத் துரு முதலில் பிடிக்கும் இடம் மரை.

மரை ஏன் முதலில் துருப்பிடிக்கிறது

ஜிஐ பைப் என்பது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். பூச்சு முடிந்த பிறகுதான் முனையில் மரை வெட்டுகிறார்கள். வெட்டும் கருவி துத்தநாகத்தையும் சேர்த்துச் சீவி எடுத்துவிடும். ஆக, பைப்பின் நீளம் முழுக்கக் கவசம் இருக்கிறது. முனையில் இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் இரும்பு வெற்று உடம்போடு நிற்கிறது. புதுப் பைப்பின் மரை பளபளவென்று இருப்பதைப் பார்த்து நல்ல சரக்கு என்று மகிழ்கிறோம். அந்தப் பளபளப்பு பூச்சு போனதன் அடையாளம்.

அடுத்தது தடிமன். அடிபம்புக்கும் சின்ன மோட்டாருக்கும் நாம் அதிகம் பயன்படுத்துவது ஒன்றேகால் இஞ்ச் பைப், அதாவது 32 மி.மீ. நீலக் கோடு போட்ட நடுத்தர வகையில் இதன் சுவர் 3.2 மி.மீ. தடிமன். இந்த அளவில் ஓர் இஞ்ச்சுக்கு 11 மரை. ஒவ்வொரு மரையின் ஆழமும் ஏறக்குறைய ஒன்றரை மி.மீ. கழித்துப் பாருங்கள்: மரையின் பள்ளத்தில் மிஞ்சுவது ஒன்றே முக்கால் மி.மீ. கூட இல்லை. மரை முனையை நோக்கிச் சரிந்து குறுகுவதால் (16 மி.மீ. நீளத்துக்கு 1 மி.மீ. வீதம்) நுனியில் அது இன்னும் மெலிது. மஞ்சள் கோடு போட்ட லேசான வகையில் நிலைமை இதைவிட மோசம். போருக்குள் இறக்க மஞ்சள் கோடு வாங்காதீர்கள். விலை குறைவு என்று யார் சொன்னாலும் வேண்டாம்.

இப்போது எடை. இந்தப் பைப் மீட்டருக்கு மூன்று கிலோவுக்குச் சற்று மேல். 30 மீட்டர் ஆழத்துக்கு இறக்கினால் பைப் மட்டும் 90 கிலோவைத் தாண்டும். உள்ளே நிற்கும் தண்ணீர் மீட்டருக்கு ஒரு லிட்டர் வீதம் இன்னொரு 30 கிலோ. அதற்குக் கீழே மோட்டார். இவ்வளவும் மேலே உள்ள முதல் மரையைப் பிடித்துத் தொங்குகின்றன. மோட்டார் ஓடி நிற்கும் ஒவ்வொரு முறையும் ஓர் உதறல் வேறு. நசுங்கிய மரையைப் பலவந்தமாக முடுக்கி, அது மூன்று சுற்று மட்டுமே ஏறியிருக்கும்போது "டைட்டா இருக்கு" என்று விட்டுவிட்டால், 120 கிலோவுக்கு மேல் அந்த மூன்று சுற்றில் தொங்கும்.

மரையைக் கெடுப்பவை அடி, மணல், ஈரம். அடி கண்ணுக்குத் தெரியும். லாரியிலிருந்து பைப்பை நுனி தரையில் படும்படி நழுவவிட்டால் முதல் மரை மடங்கும். அது ஒன்று மடங்கினால் போதும், மற்றதெல்லாம் சரியாக இருந்தும் சாக்கெட்டுக்குள் நேராக ஏறாது. மணல் அவ்வளவு எளிதாகத் தெரியாது. பாலாற்றோர மணல் மெல்லியது. கிரீஸ் தடவிய மரையில் தூசிபோல ஒட்டிக்கொள்ளும். முடுக்கும்போது நறநறவென்று சத்தம் வந்தால் மணல் மரையை அரைக்கிறது என்று பொருள். உடனே நிறுத்தித் திருப்பிக் கழற்றுங்கள்.

ஈரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மூடி போட்டவர்களும் ஏமாறுவது இங்கேதான். மோட்டார் பழுதாகி பைப்பை வெளியே எடுக்கிறோம். மரை ஈரமாக இருக்கிறது. பொறுப்புள்ளவர் உடனே மூடியை மாட்டுகிறார். மூடி அந்த ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கிறது. ஒரு வாரம் கழித்துக் கழற்றினால் மூடியே போடாத மரையைவிட அதிகத் துரு. ஈர மரைக்கு மூடி போடக்கூடாது. அரை நாள் நிழலில் காயவிட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்து, விரலில் எடுத்து மெல்லிசாக கிரீஸ் தடவி, அதன் பிறகு மூடுங்கள். குடிதண்ணீர் போராக இருந்தால் கிரீஸுக்குப் பதில் வாசலின் போதும். எதைத் தடவினாலும் மறுபடி இறக்கும் முன்பு துணியால் துடைத்து சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவுவதை விட்டுவிடுங்கள். அந்த வாடை தண்ணீரில் பல நாள் நிற்கும்.

நீண்ட நாள் கிடப்பில் போடும் பைப்புக்கு இரண்டு முனையும் இறுக்கமாக மூடியிருந்தால் அதுவும் கெடுதல். பகலில் உள்ளே காற்று சூடாகி விரியும். இரவில் குளிர்ந்து உள்சுவரில் வியர்க்கும். பைப்பைச் சற்றே சரிவாக அடுக்கி, தாழ்ந்த முனையின் மூடியில் ஓர் ஆணித் துளை போட்டுவிட்டால் அந்த ஈரம் வடிந்துவிடும்.

எந்த மூடி வாங்குவது

கடையில் வெறுமனே "எண்ட் கேப்" என்று கேட்டால் இரும்பு மூடியையோ பிவிசி மூடியையோ எடுத்துத் தருவார்கள். அது தண்ணீர் ஓடும் லைனை அடைப்பதற்கான பொருள். நமக்கு வேண்டியது மரையைப் பாதுகாக்கும் மெல்லிய பிளாஸ்டிக் மூடி. அழுத்தம் தாங்கும் வேலை அதற்குக் கிடையாது. அதை மாட்டிவிட்டு மோட்டாரைப் போட்டால் பறந்து போய் யார் கண்ணிலாவது படும். "ஒன்றேகால் இஞ்ச் ஜிஐ மரைக்குப் பிளாஸ்டிக் மூடி" என்று முழுதாகச் சொல்லிக் கேளுங்கள். அளவு சொல்லும்போதும் கவனம் வேண்டும். ஒன்றேகால் இஞ்ச் பைப்பின் வெளிவிட்டத்தை டேப் வைத்து அளந்தால் ஏறக்குறைய 42 மி.மீ. வரும், இரண்டு இஞ்ச் பைப்புக்கு 60 வரும். அந்த எண்ணைக் கடையில் சொன்னால் குழப்பம்தான் மிஞ்சும். பைப்பை எந்த அளவு சொல்லி வாங்கினீர்களோ அதையே சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு பழைய நிப்பிளைக் கையோடு எடுத்துப் போங்கள்.

மூடியில் இரண்டு விதம். ஒன்று அழுத்தி மாட்டுவது. மற்றது மரையோடு திருகி மாட்டுவது. வண்டியில் வரும் தூரத்துக்கு அழுத்தி மாட்டுவது போதும். மழைக்காலம் முழுக்க முற்றத்தில் கிடக்கப் போகும் பைப்புக்குத் திருகு மூடிதான் சரி. திருகு மூடி கையாலேயே தடையில்லாமல் ஏற வேண்டும். ரெஞ்ச் போட்டு ஏற்றும்படி இருந்தால் ஒன்று அளவு தவறு, அல்லது மரை நசுங்கியிருக்கிறது. அந்த வகையில் மூடியே மரைக்கு ஒரு சோதனை. புதுப் பைப் வந்து இறங்கியதும் ஒவ்வொன்றிலும் ஒரு திருகு மூடியை ஏற்றி இறக்கிப் பார்த்தால், எதைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது வண்டி கிளம்புவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

சாக்கெட் முடுக்கிய முனையை யாரும் மூடுவதில்லை. அதற்குள்ளும் மரை இருக்கிறது. பல்லி, குளவிக்கூடு, மண் எல்லாம் அங்கேதான் சேரும். அதற்கு உள்ளே செருகும் அடைப்பான் வேண்டும். எண்ணெய்க் கிணறுகளில் இறக்கும் குழாய்களுக்கு வெளி மரை, உள் மரை இரண்டுக்கும் காப்பு மூடி போட்டுத்தான் ஆலையிலிருந்தே அனுப்ப வேண்டும் என்பது உலகெங்கும் உள்ள தர விதி. நம் போர் அந்த ஆழம் போகாது என்றாலும் இரும்பு ஒன்றுதான்.

மூடி கிடைக்காத நேரத்தில் கைக்குக் கிடைப்பதைக் கட்டுவார்கள். அதில் நல்லது சைக்கிள் ட்யூப். ஆறு விரற்கடை நீளத்துக்கு வெட்டி, மரையின் மேல் இழுத்து மாட்டி, நுனியில் மிஞ்சியதை மடித்துக் கட்டுக்கம்பியால் ஒரு சுற்று. இரண்டு இஞ்ச் பைப்புக்கு மோட்டார் சைக்கிள் ட்யூப். அடியும் தாங்கும், மணலும் புகாது. சாக்குத் துணி கட்டுவதுதான் மிகக் கெட்ட பழக்கம். மழையில் நனைந்த சாக்கு காய இரண்டு நாள் ஆகும். அதுவரை ஈரப் பத்துப் போட்டதுபோல மரையை ஊறவைத்துக்கொண்டிருக்கும். பாலிதீன் உறை வெயிலில் ஒரே மாதத்தில் பொரிந்து கிழியும். கிழியும்வரை உள்ளே வியர்வை கட்டும்.

பாவும் பைப்பும் ஒரே தெருவில்

பிள்ளையார்பாளையம் போன்ற நெசவுத் தெருக்களில் வீட்டின் முன்புறம் குறுகல். போரிலிருந்து எடுக்கும் பத்துப் பன்னிரண்டு பைப்பை அடுக்கத் தெருவைத் தவிர இடமில்லை. அதே தெருவில்தான் விடிகாலையில் பட்டுப் பாவை நீட்டிக் கட்டி இழை இழையாகச் சரிபார்க்கிறார்கள். வெட்டிய மரையின் ஓரம் கத்திபோல இருக்கும். அதன் பிசிறு ஒன்று பாவில் சிக்கினால் அறுபடுவது எத்தனை இழை என்பதை அந்த வீட்டார்தான் எண்ண வேண்டும். மரையில் தடவிய கறுப்பு கிரீஸ் பட்டில் பட்டாலோ எடுக்க முடியாது. பட்டின் கூலியும் பட்டுநூலின் விலையும் தெரிந்த ஊரில் இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் மோட்டார் வேலைக்கு வருகிறவர் வெளியூர்க்காரராக இருக்கலாம். முதல்நாளே அவரிடம் சொல்லிவிடுங்கள்: "அண்ணே, தெருவில பாவு போட்டிருப்பாங்க. வெயில் ஏறி அவங்க சுருட்டின பிறகு பைப் எடுக்க ஆரம்பிக்கலாம். எடுத்ததுமே ரெண்டு முனையும் துடைச்சு ட்யூப் மாட்டிடுங்க." ஈர மரையை மூடக்கூடாது என்று மேலே சொன்னேன். தெருவில் கிடக்கும் சில மணி நேரத்துக்கு மட்டும் அந்த விதிக்கு விலக்கு. மாலையில் பைப் வீட்டுக்குள் வந்ததும் ட்யூபைக் கழற்றிக் காயவையுங்கள்.

கோயில் தெருக்களில் இன்னொரு கவனம் வேண்டும். வைகாசியில் வரதராஜப் பெருமாள் பிரம்மோற்சவமும் கருட சேவையும் வரும் நேரம்தான் கோடையின் உச்சம். தண்ணீர் இறங்கி, மோட்டார் வெறுமனே ஓடிச் சுடும் நேரமும் அதுதான். அதனால் உற்சவ நாளும் மோட்டார் தூக்கும் நாளும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. சுவாமி பின்னால் வருகிறவர்களில் பலர் வெறுங்காலோடு வருவார்கள். சுவரோரம் அடுக்கிய பைப்பின் மரை முனை சரியாகக் கணுக்கால் உயரத்தில் நிற்கும். புறப்பாடு உள்ள தெருவில் அன்று பைப்பை வெளியே வைக்கவே வேண்டாம். வேறு வழியில்லை என்றால் எல்லா முனையும் வீட்டுப் பக்கம் பார்த்திருக்கும்படி அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் மூடி போடுங்கள். கூட்டம் தெருவை நிறைத்த பிறகு பைப்பை நகர்த்த முடியாது.

மோட்டார் தூக்கும் நாள்

முக்காலி நட்டு, செயின் பிளாக் மாட்டி, கிளாம்ப் போட்டு ஒவ்வொரு பைப்பாக வெளியே வரும்போது மேஸ்திரியின் கவனம் மேலே இருக்கும். வீட்டுக்காரரின் வேலை கீழே. இரண்டு கட்டையைக் குறுக்கே போட்டு, பைப் அதன்மேல் கிடக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மரை தரையைத் தொடக்கூடாது. எந்த பைப் எத்தனையாவதாக வந்தது என்று சாக்பீஸால் எண் போடுங்கள். இறக்கும்போது அதே வரிசையில் போக வேண்டும் என்பதற்காக அல்ல. எந்த ஆழத்தில் துரு அதிகம் என்று தெரிந்தால் அடுத்த முறை எதை மாற்றலாம் என்று முடிவு செய்யலாம். தண்ணீர் மட்டம் ஏறி இறங்கும் பகுதியில் உள்ள பைப்தான் பொதுவாக மோசமாக இருக்கும். ஈரமும் காற்றும் மாறி மாறிப் படுவது அங்கேதான்.

மரையைப் பார்க்கும் விதம் ஒன்று சொல்கிறேன். பிரஷ் போட்டுத் துடைத்த பின், வெயிலுக்கு எதிராகப் பைப்பைப் பிடித்து மரையின் விளிம்பைப் பக்கவாட்டில் பாருங்கள். மரை முகடுகள் ஒரே கோட்டில் கூராகத் தெரிந்தால் நல்லது. முகடு மழுங்கித் தட்டையாக இருந்தால் தேய்ந்துவிட்டது. முதல் மரை மட்டும் மடங்கியிருந்தால் சின்ன முக்கோண அரத்தால் அந்தப் பள்ளத்தை மட்டும் திறந்துவிடலாம். ஐந்து நிமிட வேலை. பள்ளத்தில் கறுப்பாகக் குழி விழுந்திருந்தால் அரம் உதவாது. பழைய மரையின் மேலேயே மறுபடி டை ஓட்டலாம் என்பார்கள். ஒன்றே முக்கால் மி.மீ.யிலிருந்து இன்னும் சுரண்டுவதற்கு என்ன இருக்கிறது? அந்த முனையை வெட்டி எறிந்துவிட்டு நல்ல இரும்பில் புது மரை வெட்டச் சொல்லுங்கள். பைப் அரை அடி குறைந்தால் குறையட்டும்.

மூடியை எப்போது கழற்றுவது என்பதில் ஒரே விதி: பைப் முக்காலிக்குக் கீழே நிமிர்ந்து, சாக்கெட்டுக்கு நேராக வந்த பிறகு. முன்கூட்டியே எல்லா மூடியையும் கழற்றித் தயாராக வைப்பது வேலையைச் சுலபமாக்குவதுபோலத் தெரியும். நிமிர்த்தும்போதுதான் நுனி தரையில் மோதுகிறது என்பதை அப்போது மறந்துவிடுகிறோம். இணைக்கும்போது டெஃப்லான் டேப் போதும். சணலும் ஈயப் பூச்சும் கலந்து சுற்றும் பழைய முறை குடிதண்ணீருக்கு ஆகாது.

நீலமோ வெள்ளையோ, போருக்குள் இறக்கும் யுபிவிசி ‘காலம்’ (column) பைப்பாக இருந்தால் கணக்கு மாறும். துரு இல்லை. மரை தடித்துச் சதுரமாக இருக்கும். ரப்பர் வளையம்தான் தண்ணீரை அடைக்கிறது. டேப் சுற்றக்கூடாது. கிரீஸும் வேண்டாம், பெட்ரோலியக் கொழுப்பு ரப்பரை ஊதவைக்கும். சோப்புத் தண்ணீர் தடவி முடுக்குங்கள். இதற்கு எதிரி வெயிலும் மணலும். மூடியைக் கழற்றி வெயிலில் போட்டால் ரப்பர் வெடிப்பு விடும், சதுர மரையின் மூலையில் மணல் தங்கும். நிழலில், தரையில் சமமாகக் கிடத்தி, மூடியோடு வையுங்கள். சித்திரை வெயிலில் வளைந்த பிவிசி பைப்பை நேராக்கும் வித்தை யாரிடமும் இல்லை.

தெருமுனை அடிபம்பைப் பற்றி ஒரு பத்தி. நாம் பார்க்கும் அடிபம்புகளில் பெரும்பாலானவை இந்தியா மார்க் 2 வகை. 1970களில் யுனிசெஃப் துணையோடு உருவாகி, சென்னையின் ரிச்சர்ட்சன் அண்ட் க்ரூடாஸ் ஆலையில் செய்யப்பட்டு நாடெங்கும் போனது. இதில் 32 மி.மீ. ஜிஐ பைப்புக்குள் 12 மி.மீ. கம்பி ஓடும். கம்பியின் முனையிலும் மரை உண்டு, அதுவும் பைப் மரையைவிட நெருக்கமானது. பைப்புக்கு மூடி தேடுகிறவர்கள் கம்பியை மறந்துவிடுகிறார்கள். கம்பி முனைக்கு ஒரு துண்டு தோட்டக் குழாய் போதும். மார்க் 3 வகையில் பைப் 65 மி.மீ.; பிஸ்டனை மாற்ற பைப்பை வெளியே எடுக்காமல் கம்பியை மட்டும் இழுத்தால் போதும். மரையைத் தொடுகிற தடவைகள் குறைவதே அந்த வடிவமைப்பின் பெரிய லாபம்.

போரின் வாய்

எல்லா மூடியிலும் பெரியது கேசிங் பைப்பின் மூடி. பைப்பை எடுத்த பிறகு போரின் வாய் திறந்து கிடக்கும். ரெஞ்ச், போல்ட், கல் எது விழுந்தாலும் மோட்டார் மறுபடி இறங்காது. வாயில் துணியைத் திணித்து வைப்பது ஊர் முழுக்க உள்ள வழக்கம். துணியே உள்ளே போய்விடும். ஒரு பலகையை இரண்டாக அறுத்து, நடுவில் பைப் அளவுக்கு அரைவட்டம் வெட்டி வைத்துக்கொண்டால், வேலை நடக்கும்போதே வாயை மூடியபடி பைப்பை ஏற்றி இறக்கலாம். மேஸ்திரி சாப்பிடப் போகும்போது அதன்மேல் தூக்க முடியாத கல் ஒன்று.

பொருள் விழுவதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் விழுந்து, நான்கு நாள் போராட்டத்துக்குப் பிறகும் உயிரோடு மீட்க முடியாமல் போனதைத் தமிழ்நாட்டில் யாரும் மறந்திருக்க முடியாது. அதற்கு ஒன்பது ஆண்டு முன்பே, 2010இல், உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல் தந்திருந்தது. கேசிங் பைப்பின் மேல் இரும்புத் தகட்டை வெல்டிங் வைத்தோ, போல்ட் நட்டால் இறுக்கிய உறுதியான மூடி போட்டோ அடைக்க வேண்டும். சுற்றி அரை மீட்டர் சதுரத்துக்கு, தரைக்கு மேலே 30 செ.மீ., கீழே 30 செ.மீ. என்று கான்கிரீட் மேடை வேண்டும். பம்பு பழுது பார்க்கும் நேரத்திலும் திறந்து வைக்கக்கூடாது. கைவிட்ட போரை அடியிலிருந்து தரைமட்டம் வரை மண், மணல், கல் போட்டு நிரப்ப வேண்டும். அழுத்தி மாட்டும் பிளாஸ்டிக் மூடி இதற்கு ஈடாகாது. ஐந்து வயதுப் பிள்ளை அதைக் கழற்றிவிடும். மோட்டார் பழுதுக்குப் போய் ஒரு வாரம் ஆகும் என்றாலும் போல்ட் மூடி போடாமல் மேஸ்திரியை அனுப்பாதீர்கள். பணத்தில் பாதியை நிறுத்தி வைத்தாவது போடவையுங்கள்.

சாயப்பட்டறைப் பேரல்

200 லிட்டர் இரும்புப் பேரலின் தலையில் இரண்டு வாய்: இரண்டு இஞ்ச் ஒன்று, முக்கால் இஞ்ச் ஒன்று. இரண்டிலும் மரை. திருகும் அடைப்பானுக்கு மேலே தகரத்தில் ஒரு சீல் மூடி இருக்கும். அது சரக்கு கலப்படம் ஆகவில்லை என்பதற்கு மட்டும் என்று நினைக்கிறார்கள். மரையில் மழைநீர் நிற்காமல் காப்பதும் அதுதான். பேரலை வெளியே நிமிர்த்தி வைத்தால் தலையின் விளிம்புக்குள் மழைநீர் தேங்கும். பகல் சூட்டில் உள்காற்று மரை வழியே வெளியேறும். இரவில் குளிரும்போது தேங்கிய நீரை அதே மரை வழியே உள்ளே இழுக்கும். அடைப்பான் இறுக்கமாக இருப்பதாகத் தெரிந்தாலும் இது நடக்கும். கூரை இல்லாத இடத்தில் பேரலைப் படுக்கவைத்து, இரண்டு வாயும் பக்கவாட்டில் சமமட்டத்தில் இருக்கும்படி உருட்டி, ஆப்பு வையுங்கள். சரக்கு உள்பக்கத்திலிருந்து மரையை நனைத்துக்கொண்டிருக்கும்வரை வெளிக்காற்று நுழையாது.

பெராக்சைடுக்கு இது பொருந்தாது. பட்டை வெளுக்கப் பயன்படும் ஹைட்ரஜன் பெராக்சைடு இருந்த இடத்திலேயே மெல்லச் சிதைந்து ஆக்சிஜன் வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். அதன் கேனில் வரும் மூடியில் வாயு வெளியேற வழி இருக்கும். அந்த மூடி உடைந்துவிட்டது என்று வேறு கேனின் இறுக்கமான மூடியை மாட்டினால் கேன் உப்பி வெடிக்கும். அதை எப்போதும் நிமிர்த்தி, நிழலில் வையுங்கள், படுக்கவைக்கவே கூடாது. ஹைட்ரோஸ் என்று வாங்கும் சோடியம் ஹைட்ரோசல்பைட் தூளுக்கு நேர் எதிர்: ஈரம் பட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். ஈரக் கையோடு அதன் மூடியைத் திறப்பதுகூட வேண்டாம்.

மூடிகளை மாற்றி மாட்டும் பழக்கத்தால் கெடும் பேரல்கள் ஏராளம். பிளாஸ்டிக் பேரல்களில் சிலவற்றுக்கு நெருக்கமான மரை, சிலவற்றுக்கு அகல மரை. இரண்டு இஞ்ச் நெருக்க மரையின் இடைவெளி ஜிஐ பைப் மரையின் இடைவெளியேதான் என்பதால், பைப்புக்கான இரும்பு பிளக்கும் அதில் முதல் சில சுற்று ஏறும். பைப் மரை சரிவானது, பேரல் மரை நேரானது. இறுக்க இறுக்க ஆப்புபோல விரித்து பிளாஸ்டிக் வாயில் வெடிப்பு விழும். ஒவ்வொரு பேரலின் மூடியையும் அதன் கழுத்தில் கயிறு போட்டுக் கட்டிவிடுவது பழைய வழி, இன்றும் அதைவிட நல்ல வழி இல்லை. அசெட்டிக், ஃபார்மிக் அமிலக் கேன்களுக்கு உலோக மூடி ஆகாது. காலியானாலும் அந்தக் கேன்களில் குடிக்கும் தண்ணீர் பிடிக்கக்கூடாது.

பட்டறைக்காரர்கள் அமிலக் கேன் இருக்கும் அறையிலேயே உபரி ஜிஐ பைப்பையும் சாய்த்து வைத்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் கேட்பதில்லை. அசெட்டிக் அமில ஆவி துத்தநாகத்தைத் தின்னும். வெள்ளைத் தூள் பூத்து, அதற்கடியில் இரும்பு கறுக்கும். மரையில் மூடி இருந்தும் பைப்பின் உடம்பு போய்விடும். பைப்பைத் தறிக் கூடத்துப் பரணுக்கு மாற்றுங்கள். அங்கே இடமில்லை என்றால் கேனை மாற்றுங்கள்.

போர் வேலை முடிந்ததும் கழற்றிய மூடிகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, காயவைத்து, அளவு வாரியாகக் கட்டுக்கம்பியில் கோத்து மோட்டார் சுவிட்ச் பெட்டிக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டுங்கள். கூடவே போரின் ஆழம், பைப் எண்ணிக்கை, அளவு, கடைசியாக மோட்டார் தூக்கிய தேதி ஆகியவற்றை எழுதிய அட்டை ஒன்று. அடுத்த முறை மேஸ்திரி வந்து "எத்தனை பைப்பு சார்?" என்று கேட்கும்போது அட்டையையும் கொத்தையும் சேர்த்து அவர் கையில் கொடுத்துவிடலாம்.